ஷோகேஸ் மேடையில் 30 நிமிடம்: வேலந்தாவளம் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம் பக்கத்தில் ஆறு பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு பாடும் தமிழ் பேண்டு ஒன்று நடத்துகிறோம். பாட்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ், பறை, நாதஸ்வரம். இதுவரை கோயில் நோம்பியிலும் (திருவிழாவிலும்) கல்லூரி விழாவிலும்தான் வாசித்திருக்கிறோம். இப்போது கொச்சியில் நடக்கும் ஒரு ஷோகேஸ் விழாவில் 30 நிமிடம் கிடைத்திருக்கிறது. ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் பட்டியலில் ஏழு பாட்டு, மொத்தம் 41 நிமிடம். எதை வெட்டுவது, எப்படித் தயாராவது? சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் மட்டும்தான் என்கிறார்கள். போகலாமா?

போங்கள், தம்பி. ஆனால் கச்சேரி செய்யப் போகிறோம் என்ற நினைப்பை வேலந்தாவளத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

நான் உங்கள் பக்கத்து ஊர் கொழிஞ்சாம்பாறைக்காரன். பதினெட்டு வருடமாக சவுண்டு மிக்ஸர் முன்னால் நிற்கிறேன். முதல் பாதி சினிமாப் பாட்டு பாடும் கானமேளா குழுக்களோடு, அப்புறம் உங்களைப் போன்ற சொந்தப் பாட்டு பேண்டுகளோடு. நம் பக்கம் மாரியம்மன் நோம்பியில் மேடை ஏறினால் மூன்று மணி நேரம் நம்முடையது. முதல் இரண்டு பாட்டு சவுண்டு சரிசெய்வதில் போகும், மூன்றாவதில் கை சூடேறும், ஐந்தாவதில்தான் கூட்டம் எழுந்து நிற்கும். கேரளக் கோயில்களின் பஞ்சாரி செண்டை மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் என்று மெதுவாகத் தொடங்கி 48, 24, 12 என்று குறைந்து, கடைசியில் 6 அட்சரத்துக்கு வரும்போது ஆள் தன்னை மறந்து கையை வீசுவான். ஷோகேஸில் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடைசி 6 மட்டும்தான். 96-லிருந்து ஏறி வர அங்கே நேரமில்லை.

காரணம், எதிரில் நிற்பவர்கள். அவர்களில் பாதிப் பேர் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்ல, பேண்டு தேட வந்தவர்கள். மற்ற விழாக்களை நடத்துகிறவர்கள், ஏஜெண்டுகள், ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 1987 முதல் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட், 1994-ல் பெர்லினில் தொடங்கிய வோமெக்ஸ், 2006-ல் தொடங்கிய ஹாம்பர்க் ரீப்பர்பான் விழா, சென்னையில் 2012-ல் தொடங்கிய இண்டிஎர்த் எக்ஸ்சேஞ்ச் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். பகலில் பேச்சும் சந்திப்பும், சாயங்காலம் சின்னச் சின்ன செட்டுகள், அதாவது குட்டிக் கச்சேரிகள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மேடை ஓடும். தேட வந்தவர் கதவோரமாக நின்று பத்து நிமிடம் கேட்பார், அடுத்த மேடைக்குப் போய்விடுவார். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் நடையைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். அதன் தாய், பாட்டி கதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார் அல்லவா, அதே மாதிரி.

அப்படி நின்றவர் வெளியே போய் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "உள்ளே யாரு?" என்று கேட்டால், அவர் ஒரே வரியில் உங்களைச் சொல்ல முடியவேண்டும். "பாலக்காட்டு எல்லையிலிருந்து வந்த தமிழ்ப் பையன்கள். ராக் பாட்டு, ஆனால் பறையும் நாதஸ்வரமும் முன்னால் நிற்கிறது." அவ்வளவுதான். இந்த வரி அவர் வாயில் வரவேண்டும், அதற்குத்தான் இந்த ஆறு வாரம். ஃபியூஷன் என்ற சொல்லை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். புல்லாங்குழலும் கீபோர்டும் ஒரே மேடையில் இருந்தாலே ஃபியூஷன் என்கிறார்கள். அதைக் கேட்டு ஒருவருக்கும் எதுவும் நினைவில் நிற்காது.

இனி வெட்டுகிற வேலை. 30 நிமிடம் கொடுத்தால் 26 நிமிடத்துக்குத் திட்டம் போடுங்கள். பாட்டு 23 நிமிடம், பேச்சு இரண்டு நிமிடம், சுருதி பார்க்க ஒரு நிமிடம். மீதி நான்கு நிமிடத்தைக் கைதட்டலும் சின்னச் சின்னத் தாமதமும் சாப்பிட்டுவிடும். திறந்தவெளி மேடையாக இருந்தால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. முன்னால் வாசித்த பேண்டு பத்து நிமிடம் இழுத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடம் கடைசியில் வருகிறவர் தலையில்தான் விழும். அதனால் 26-ஐத் தவிர 20 நிமிடத்துக்கும் ஒரு பட்டியல் கையில் இருக்கட்டும். எந்தப் பாட்டு விழும் என்பதை முன்பே முடிவு செய்து, இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஆறு பேர் காலடியிலும் ஒட்டுங்கள்.

ஏழிலிருந்து ஐந்தாக்க வேண்டும். எந்த இரண்டு போகும் என்று உங்களுக்குள் சண்டை வரும், வரட்டும். ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து, பாட்டு எழுதியவர் அல்லாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் எங்கே ஃபோனை எடுத்து வாட்ஸ்அப் பார்க்கிறாரோ அங்கே கத்தி வையுங்கள். உங்கள் முதல் பாட்டில் இரண்டு நிமிடம் நாதஸ்வர ஆலாபனை இருக்கிறது என்று ஊகிக்கிறேன்; நாதஸ்வரம் இருக்கிற எல்லா பேண்டிலும் இருக்கிறது. கோயில் வாசலில் அது அழகு. இங்கே இருபது விநாடி போதும். மேடையில் சத்தம் எழுந்து பதினைந்து இருபது விநாடிக்குள் பறையும் நாதஸ்வரமும் இரண்டுமே காதில் விழுந்துவிட வேண்டும். முதல் பாட்டு முடிந்ததும் பேச்சில்லாமல் இரண்டாவது. அதற்கப்புறம்தான் வணக்கம், பேண்டின் பெயர், ஊர். மூன்றாவதாக அமைதியான ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று, உங்கள் பாடகரின் குரல் தனியாகத் தெரிகிற மாதிரி. அப்புறம் மேலே ஏறி முடித்துவிடுங்கள்.

ஆகச் சிறந்த பாட்டைக் கடைசிக்கு வைப்பது நம் ஊர் வழக்கம். இங்கே அதை முதலில் வையுங்கள். கடைசிப் பாட்டு வரும்போது அந்த ஆள் ஒருவேளை இருக்கமாட்டார். பெயரை மூன்று முறை சொல்லுங்கள்: இரண்டாவது பாட்டுக்குப் பின், கடைசிப் பாட்டுக்கு முன், எல்லாம் முடிந்த பின். அரை மணி நேரம் நன்றாக வாசித்துவிட்டுப் பெயரே சொல்லாமல் இறங்கிய பேண்டுகளைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பறையின் தோல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு செட்டையே நான் இதில் கோட்டைவிட்டிருக்கிறேன்.

நம் ஊர்க் காற்று வேறு, கடலோரக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்றில் பறைத்தோல் விறைப்பாக நிற்கும். லேசாகக் காய்ச்சினால் கணீரென்று பேசும். அதே பறை கொச்சிக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்தால் ஈரத்தைக் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். தடித்த அடிக்குச்சி விழும் இடத்தில் 'தொப்'பென்று ஒரு சத்தம், மெல்லிய சிண்டுக்குச்சிக்குச் சத்தமே இல்லை. ஊரில் என்றால் வைக்கோலைக் கொளுத்தி நாலு முறை காட்டிவிட்டு அடிப்போம். ஒரு முறை, ஏசி போட்ட உள்ளரங்க ஷோகேஸ் ஒன்றில், பேண்டு மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது நானும் பறைக்காரப் பையனும் பின்கதவுக்கு வெளியே செய்தித்தாளைக் கொளுத்தினோம். புகை உள்ளே போய்த் தீ எச்சரிக்கை மணி அடித்தது. செக்யூரிட்டி ஓடி வந்தார். ஆட்களை அமைதிப்படுத்தி மணியை நிறுத்துவதற்குள் எங்கள் நேரத்தில் ஏழு நிமிடம் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான். முந்தின நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திறந்த இடம் ஒன்றைக் காட்டியிருப்பார்கள்.

அதனால் இப்போதே விழாக்காரர்களுக்கு எழுதுங்கள்: "எங்கள் வாத்தியம் ஒன்றுக்குச் சூடு தேவை. தீ மூட்ட இடம் உண்டா? இல்லையென்றால் மேடைக்குப் பக்கத்தில் மின்சார அடுப்பு வைக்க ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?" காயில் அடுப்பின் மேல் ஓர் அடி உயரத்தில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் வேலை நடக்கும், நேரம்தான் கூடுதலாகும். முடி உலர்த்தும் டிரையரும் அவசரத்துக்கு உதவும். காய்ச்சிய தோல் ஏசியில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று ஊரிலேயே ஏதாவது ஏசி ஹாலில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்றாவது பாட்டிலேயே இறங்கிவிடுகிறது என்றால் இரண்டாவது பறை ஒன்றைச் சூடாக வைத்திருந்து, அந்த அமைதியான பாட்டின்போது மாற்றிக்கொள்ளலாம். ஃபைபர் தோல் போட்ட பறையும் கிடைக்கிறது, ஈரத்துக்கு அசையாது. அதன் குரல் எனக்குப் பிடிக்காது, தகரம் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் வண்டியில் ஒன்று கிடக்கட்டும். தொளதொளத்த தோலைவிடத் தகரம் மேல்.

நாதஸ்வரம் வேறு மாதிரிச் சங்கடம். கிட்டாரைப் போல அதைத் திருகி சுருதி கூட்ட முடியாது. உங்கள் வித்வான் கையில் இருக்கும் நாதஸ்வரம் எந்தக் கட்டை சுருதியோ அதற்கு மற்றவர்கள் வரவேண்டும், பாட்டுகளின் சுருதியும் அதற்கேற்ப மாறவேண்டும். இதை ஏற்கனவே செய்திருப்பீர்கள். தெரியாதது ஒன்று இருக்கும்: சூடு ஏறினால் நாதஸ்வரத்தின் சுருதி ஏறும், கிட்டார்க் கம்பியின் சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். ஏசி அறையில் உட்கார்ந்து அழகாகச் சேர்த்துவிட்டு விளக்குச் சூட்டில் போய் நின்றால் இரண்டாவது பாட்டில் பல்லைக் கடிக்க வேண்டியதுதான். மேடை ஏறும் முன் கால் மணி நேரமாவது நாதஸ்வரத்தை ஊதிச் சூடாக்கி வைத்துவிட்டு, அதற்குக் கிட்டாரைச் சேருங்கள். கிட்டாரும் பேஸும் காலடியில் ட்யூனர் பெடல் வைத்துக்கொள்ளட்டும். மிதித்தால் சத்தம் அடங்கி முள் மட்டும் காட்டவேண்டும். 'டொய்ங் டொய்ங்' என்று கூட்டத்துக்குக் கேட்கச் சுருதி சேர்ப்பதைப் போல ஒரு பேண்டைச் சின்னதாக்கும் காரியம் வேறில்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி ஏசியில் காய்ந்துபோகும். பாட்டில்லாத இடங்களில் வித்வான் அதை ஈரமாக வைத்திருக்கட்டும், பதம் பார்த்த இன்னும் இரண்டு சீவாளி சட்டைப்பையில் இருக்கட்டும்.

மைக் விஷயம். நாதஸ்வரத்தின் வாயில் நேராக மைக்கைச் சொருகாதீர்கள். அது திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம், ஒன்றரை அடி தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் மைக் நின்றால் போதும். பறைக்காரர் ஆடுவாரா, நின்று அடிப்பாரா? ஆடுவார் என்றால் விளிம்பில் மாட்டும் கிளிப் மைக் வேண்டும், அதை முன்பே எழுதிக் கேட்கவேண்டும். எதுவானாலும் பறையைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். பாட்டு மைக்குக்குள் முழுப் பறையும் வந்து விழும், வெளியே மிக்ஸ் செய்கிறவர் குரலைத் தூக்கினால் பறையும் கூடவே எழும். மேடையின் ஓரத்தில், முகம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி நிற்கட்டும். மிருதங்கத்தின் நாதம் கெடுகிறது என்று மைக்கே வேண்டாம் என்றவர் பாலக்காடு மணி ஐயர். அந்த ஊர்க்காரர்கள் மைக் எங்கே நிற்கவேண்டும் என்றாவது யோசிக்கலாம்.

ஷோகேஸில் பெரும்பாலும் முழு சவுண்ட் செக் கிடையாது. முன் பேண்டு இறங்கி நீங்கள் ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம், சில இடத்தில் பத்து. அதற்குள் ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், அதைத்தான் லைன் செக் என்பது. அங்கே இருக்கும் இன்ஜினியர் உங்களைப் பார்த்ததே இல்லை. அவருக்கு முன்கூட்டியே இரண்டு தாள் போகவேண்டும். ஒன்று ஸ்டேஜ் பிளாட்: மேலிருந்து பார்த்தால் யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எங்கே மானிட்டர் (வாசிக்கிறவருக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்), எங்கே கரண்ட் வேண்டும் என்று ஒரு படம். மற்றது இன்புட் லிஸ்ட், மிக்ஸருக்கு வரும் ஒயர்களின் பட்டியல். உங்கள் பேண்டுக்கு எனக்குத் தோன்றுவது: டிரம்ஸில் கிக், ஸ்னேர், ஹைஹாட், டாம் இரண்டு, மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டு; பேஸ் டிஐ (மைக் இல்லாமல் நேரடி ஒயர்), கிட்டார், பறை, நாதஸ்வரம், பாட்டு, இரண்டாம் குரல். மொத்தம் பதின்மூன்று. 'நாதஸ்வரம்' என்று எழுதினால் கொச்சியில் புரியும், பெங்களூரிலும் புரியலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அது எவ்வளவு சத்தம் போடும் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் புல்லாங்குழல் மாதிரி நினைத்துக்கொண்டு வால்யூமை முழுக்க ஏற்றி வைத்திருப்பார்கள். பாவம், முதல் ஊதலில் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிவார்கள்.

டிரம்ஸ் செட்டும் ஆம்ப்ளிஃபையரும் அங்கேயே இருக்கும், எல்லா பேண்டுக்கும் பொது. அதைத்தான் பேக்லைன் என்பார்கள். ஆனால் ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றையும் டிரம்மர்கள் சொந்தமாகக் கொண்டுபோவதுதான் வழக்கம், என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து ட்ராக் ஓட்டுகிறீர்கள் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பாதி 'ம்ம்ம்' சத்தம் அதிலேயே போய்விடும். எர்த் பின்னை உடைத்துச் சத்தத்தை நிறுத்தும் பழைய கானமேளா வைத்தியம் வேண்டாம், மைக்கில் வாய் வைக்கிற பாடகருக்கு ஷாக் அடிக்கும்.

நான் எல்லா பேண்டிடமும் சொல்வது, பேண்டுகள் செய்ய மறுப்பது ஒன்று உண்டு. மேடை ஏறுவதற்கும் ஒத்திகை பாருங்கள். எல்லாப் பெட்டியையும் ஒத்திகை அறைக்கு வெளியே வண்டியில் ஏற்றுங்கள். ஃபோனில் பத்து நிமிடம் வையுங்கள். இறக்கி, விரித்து, சொருகி, முதல் பாட்டைத் தொடங்கவேண்டும். முதல் நாள் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். யார் யார் காலில் மிதிக்கிறார், எந்த ஒயர் யாருடையது என்றே தெரியாது, பெடலுக்கு அடாப்டர் காணாமல் போயிருக்கும். நான்காவது நாள் ஒன்பது நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள். பெடல்களை எல்லாம் ஒரு பலகையில் திருகி வைத்தால் அதிலேயே நான்கு நிமிடம் மிச்சம். ஒவ்வொரு ஒயரிலும் அவரவருக்கு ஒரு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள்.

இன்னொரு ஒத்திகை, காது கேட்காத ஒத்திகை. மானிட்டரை அணைத்துவிட்டு, பாடகர் சுவரைப் பார்த்து நின்று, முழு செட்டையும் வாசியுங்கள். கொச்சியில் முதல் பாட்டு முழுவதும் மானிட்டரில் உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்போது முகம் கோணக்கூடாது, மேடையிலிருந்து இன்ஜினியரைப் பார்த்து முறைக்கக்கூடாது. மானிட்டரை விரலால் காட்டி, சத்தம் கூட்டச் சொல்லி விரலை மேலே தூக்கி, சிரித்துவிட்டு வாசியுங்கள். மூன்றாவது வாரம் ஏதாவது ஒரு வாயனசாலை (ஊர் நூலக) ஹாலில் முப்பது பேரை உட்காரவைத்து 26 நிமிடத்தையும் நிறுத்தாமல் வாசியுங்கள். கடைசி வாரத்துக்கு முன் இப்படி மூன்று முறையாவது நடந்திருக்கவேண்டும். வருகிறவர்கள் சொந்தக்காரர்களாக இருக்கவேண்டாம். அத்தை எதற்கும் கைதட்டுவார்.

எந்த மொழியில் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லைக்காரர்கள் எல்லாரும் மனசுக்குள் கேட்கிற கேள்வி அது. தமிழ்நாட்டுக்குப் போனால் நம்மை மலையாளத்தான் என்பார்கள், கொச்சிக்குப் போனால் பாண்டி என்பார்கள். பாட்டு தமிழில் இருக்கட்டும். இடையில் பேசுவது நம் சித்தூர்த் தாலுகா மலையாளத்தில் இருக்கட்டும், தமிழ் வாடை அடித்தால் அடிக்கட்டும். "மலையாளம் தெரியாது, மன்னிக்கணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். கொச்சிக்காரரை மகிழ்விக்க மலையாளப் படப்பாட்டு ஒன்றை நடுவில் சொருகவும் வேண்டாம். உங்களைத் தேடி வருகிறவருக்கு வேண்டியது வேறு எங்கேயும் கிடைக்காதது. 2008-ல் அவியல் பேண்டு ஆல்பம் போட்டபோது ராக் என்றால் ஆங்கிலம்தான் என்று இங்கே பலர் நினைத்திருந்தார்கள். அவர்கள் சுத்த மலையாளத்தில் பாடினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டு வடசென்னை கானாவை ஒளித்து வைக்கவில்லை, அதைத்தான் முன்னால் வைத்தது.

பாட்டு யாருடையது என்பதையும் இந்த ஆறு வாரத்தில் எழுதி வையுங்கள். வரி யார், மெட்டு யார், எத்தனை பங்கு என்று ஒரு தாளில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இப்போது பணமே இல்லாததால் சண்டை இல்லாமல் முடியும். பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும், 1969-லிருந்து இயங்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உறுப்பினராகலாம், பாட்டு வெளியே வாசிக்கப்படும்போது அவர்களுக்கு வரவேண்டிய தொகை அந்த வழியாகத்தான் வரும். ஊர்ப் பாட்டி ஒருவரிடம் கேட்டு எடுத்த கும்மிப் பாட்டு ஏதாவது பட்டியலில் இருந்தால் அதை உங்கள் பெயரில் போடாதீர்கள். மேடையிலும் அவர் ஊரைச் சொல்லுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்டைப் பற்றி ஐந்து வரி, மேடையில் எடுத்த நல்ல புகைப்படம் இரண்டு, வெட்டாமல் ஒட்டாமல் நேரடியாக வாசிக்கிற மூன்று நிமிட வீடியோ ஒன்று, ஒரு ஃபோன் நம்பர். இவ்வளவும் ஒரே லிங்கில் இருக்கவேண்டும். டிரோன் பறக்கிற மியூசிக் வீடியோவை யாரும் நம்புவதில்லை. மேடையில் எப்படி இருப்பீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். விழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முன்பே கொடுப்பார்கள். அதில் உங்களுக்குப் பொருந்துகிற இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்னால் ஆளுக்கொரு மெயில்: யார் நாங்கள், எந்த நாள், எந்த மணிக்கு, எந்த மேடை, வீடியோ லிங்க். ஐந்து வரிக்கு மேல் போகவேண்டாம். இருநூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

பேசுவதற்கு ஒரே ஆள் இருக்கட்டும். நான் கூட்டிப்போன முதல் பேண்டில், விழா நடத்தும் ஒரு அம்மா செட் முடிந்ததும் வந்து "உங்களைக் கூப்பிட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். பாடகர் "ஒரு லட்சம்" என்றார், டிரம்மர் "பார்த்துக் கொடுங்க" என்றார், பேஸ்காரர் "செலவு மட்டும் கொடுத்தா போதும்" என்றார். மூன்றும் ஒரே நிமிடத்தில். அந்த அம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்தார், திரும்ப வரவில்லை. இதற்குக் கணக்கு ரொம்ப எளிது. உதாரணத்துக்கு வேன் 14,000, தங்க, சாப்பிட 12,000, வாசிக்கிற ஆறு பேரும் சவுண்டு ஆளும் சேர்த்து ஏழு பேருக்குத் தலைக்கு 5,000 என்றால் 35,000. மொத்தம் 61,000. உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். வருவதுதான் உங்கள் அடித்தளம், அதற்குக் கீழே வாய் திறக்கக்கூடாது. மேலே எவ்வளவு என்று ஆறு பேரும் முன்பே பேசி, ஒருவர் வாயிலிருந்து மட்டும் வரட்டும். யார் பெயரில் பில் போடுவது, யாருடைய பான் கார்டு, டிடிஎஸ் பிடித்தால் யார் கணக்கில் என்பதும் அதே பேச்சில் முடியட்டும்.

சம்பளமில்லாமல் போகலாமா என்ற கேள்விக்கும் இதே கணக்குதான் பதில். விழாக்காரர்கள் தங்க இடமும் சாப்பாடும் தருவதால் உங்கள் கைக்காசு வேனுக்கும் சில்லறைக்கும்தான். அதை ஆறு பேரும் தாங்க முடியுமென்றால் போங்கள். வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பேர் கிடைக்கும் என்று எவர் கூப்பிட்டாலும் ஓசியில் வாசிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். அதுவும் மேடை ஏற நம்மிடமே பணம் கேட்கிறவர்கள் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

போகிற வழி. குதிரான் சுரங்கம் 2021-ல் திறந்தபிறகு திருச்சூர் வரை பழைய நரகம் இல்லை. அதற்கப்புறம் கொச்சிக்குள் நுழைகிற கடைசி இருபது கிலோமீட்டர்தான் கணக்கைக் கெடுக்கும். சாயங்கால செட்டுக்கு மதியம் சாப்பிட்டுக் கிளம்புகிற வேலை வேண்டாம், முந்தின இரவே போய்விடுங்கள். தோலும் அந்த ஊர்க் காற்றுக்குப் பழகும், எவ்வளவு தொளதொளக்கிறது என்பதும் தெரியும். கோயம்புத்தூர் வண்டி பிடித்தால் கேரளாவுக்குள் ஓட்டப் பர்மிட் எடுத்திருக்கிறாரா என்று டிரைவரிடம் கேளுங்கள். வாத்தியங்களின் பட்டியலை, சீரியல் நம்பரோடு, ஒரு தாளில் எழுதி வண்டியில் வையுங்கள்; வழியில் யாராவது நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அந்தத் தாளை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

செட் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக கிரீன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நாலு பேர் சாமானைக் கழற்றட்டும், பேசுகிற ஆளும் பாடகரும் பத்து நிமிடத்துக்குள் மேடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்கவேண்டும். பார்த்தவர் பேச வருவது அப்போதுதான். யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்று இரவே எழுதி, மூன்று நாளைக்குள் ஒவ்வொருவருக்கும் மெயில் அனுப்புங்கள். பதில் வராது. மூன்று வாரம் கழித்து இன்னொன்று, அன்று எடுத்த வீடியோவோடு. அதற்கும் பதில் வராமல் போகலாம். எங்கள் பேண்டு ஒன்றுக்கு ஏழு மாதம் கழித்து, நாங்களே மறந்துபோன ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது.

வாயனசாலையில் முதல் முறை வாசிக்கும் நாளைச் சொல்லுங்கள், கொழிஞ்சாம்பாறையிலிருந்து அரை மணி நேரம்தான், வந்துவிடுகிறேன். ஸ்டாப்வாட்ச் ஒன்றும் பழைய காயில் அடுப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.